‘விளக்கே! துண்டே! தட்டே!’: எர்ன்ஸ்ட் லான்ட்ஸரும் எண்ணங்களின் சர்வ வல்லமையும்

வியன்னா, 1880களின் தொடக்கம். மூன்று, நான்கு வயதுப் பையன் ஒருவன் ஏதோ சேட்டை செய்து அப்பாவிடம் அடி வாங்குகிறான். யாரையோ கடித்துவிட்டான் என்று அம்மாவுக்குப் பின்னாளில் ஞாபகம். அடி விழ விழ அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. திட்ட வேண்டும், ஆனால் கெட்ட வார்த்தை எதுவும் இன்னும் பழகாத வயது. வாயில் வந்த சாமான்களின் பெயரையெல்லாம் எடுத்து அப்பாவின் மேல் வீசுகிறான். ‘ஏ விளக்கே! ஏ துண்டே! ஏ தட்டே!’

அப்பா ஆடிப்போய்க் கையை நிறுத்திவிட்டார். ‘இவன் ஒன்று பெரிய மனுஷனாவான், இல்லாவிட்டால் பெரிய குற்றவாளியாவான்’ என்றார். அதற்கப்புறம் அவர் அவனை அடித்ததே இல்லையாம்.

இது அந்தப் பையனுக்கே நினைவில் இல்லாத சம்பவம். வீட்டில் சொல்லிக் கேட்டதுதான். காலத்தை மட்டும் அவனால் கணக்காகச் சொல்ல முடிந்தது. காரணம், அவனுடைய அக்கா ஒருத்தி நோயில் விழுந்து இறந்ததும் அதே சமயம்தான். ஆக, ஒரே பருவத்தில் இரண்டு விஷயங்கள் அவன் கண்முன் நடந்துவிட்டன. தன் வாயிலிருந்து வந்த சொல், ஓங்கிய கையை அந்தரத்தில் நிறுத்தியது. நேற்று வரை வீட்டில் இருந்த ஒருத்தி இன்று இல்லாமல் போனாள். ஒரு சின்னக் குழந்தை இந்த இரண்டுக்கும் நடுவே என்ன முடிச்சுப் போட்டிருக்கும், அந்த முடிச்சு அவனுடைய முப்பதாவது வயதில் எப்படி இறுகிக் கிடந்தது என்பதுதான் நான் இங்கே பார்க்க விரும்புவது.

வந்தவர்

1907 அக்டோபர் 1ஆம் தேதி, வியன்னா பெர்க்காஸ்ஸே 19ஆம் எண் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். வயது 29. சட்டம் படித்தவர், கூர்மையாகப் பேசக்கூடியவர். எதிரே உட்கார்ந்திருந்தவர் உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. அவருக்கு அப்போது 51. இரண்டு வருடம் கழித்து ஃப்ராய்டு இவரைப் பற்றி எழுதிய நீண்ட அறிக்கை அச்சானது. அதில் பெயர் இல்லை. உளவியல் உலகம் ‘எலி மனிதர்’ என்று பட்டப்பெயர் வைத்தது. எர்ன்ஸ்ட் லான்ட்ஸர் என்ற சொந்தப் பெயர் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

அவருடைய புகார் இது: தனக்குப் பிரியமான இரண்டு பேருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவரை விடாமல் அரிக்கிறது. ஒருவர் அப்பா. இன்னொருவர் அவர் நேசிக்கும் பெண். கூடவே, சவரக்கத்தியை எடுத்துக் கழுத்தை அறுத்துக்கொள் என்பது மாதிரியான உந்துதல்கள். அதைச் செய்யாதே, இதைத் தொடாதே என்று தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தடைகள். இவற்றோடு மல்லுக்கட்டியே வாழ்க்கையில் பல வருடங்கள் வீணாகப் போய்விட்டன என்றார்.

இதில் ஒரு திருகல் உண்டு. யாருக்கு ஆபத்து வரும் என்று பயந்தாரோ, அந்த அப்பா இறந்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இறந்தவருக்கு இனி என்ன ஆக முடியும்? லான்ட்ஸருக்கு இந்தக் கேள்வி தெரியாமல் இல்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு அது தெரியவில்லை. நல்ல ஜோக் ஒன்று காதில் விழுந்தால் ‘இதை அப்பாவிடம் சொல்லணும்’ என்று தோன்றும். கதவு தட்டப்பட்டால் அப்பாதான் வருகிறார் என்று நினைப்பார். நள்ளிரவு பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே படிப்பை நிறுத்திவிட்டு, அப்பா வெளியே நிற்பதுபோல எழுந்துபோய் முன்கதவைத் திறந்து வைத்த காலமும் இருந்தது.

மூன்று க்ரோனன் எண்பது

அவரை ஃப்ராய்டிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு அற்பக் கடன். 1907 ஆகஸ்டில் படைப் பயிற்சிக்குப் போயிருந்தார். நடுவே ஓய்வெடுத்த இடத்தில், மூக்கில் கவ்விக்கொள்ளும் தன் கண்ணாடியைத் தொலைத்துவிட்டார். தேடினால் கிடைத்திருக்கும், எல்லோரையும் காக்க வைக்க மனமில்லாமல் விட்டுவிட்டு, வேறொன்று அனுப்பச் சொல்லி வியன்னா கடைக்காரருக்குத் தந்தி அடித்தார். அதே ஓய்வின்போதுதான், கொடூரத்தில் ருசி கண்ட ஒரு கேப்டன், கிழக்கு நாடு ஒன்றில் எலிகளை வைத்துச் செய்யும் சித்திரவதையை விவரித்தார். அந்த வர்ணனை இங்கே வேண்டாம். ஃப்ராய்டிடம் சொல்ல வந்தபோது லான்ட்ஸரே சோபாவிலிருந்து எழுந்துவிட்டார், விவரத்தைக் கேட்காதீர்கள் என்று கெஞ்சினார். கேட்ட நொடியில், இது தன் காதலிக்கும் அப்பாவுக்கும் நடக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் பாய்ந்தது. ‘ஆனால்…’ என்று கையை உதறி, ‘உனக்கு ஏன் புத்தி இப்படிப் போகிறது’ என்று தன்னையே அதட்டி அதைத் துரத்தினார். சொல்லால் வந்த வினையைச் சொல்லாலேயே கழிக்கிறார், கவனியுங்கள்.

கண்ணாடிப் பார்சல் வந்து சேர்ந்தது. அதே கேப்டன் அதை நீட்டி, ‘லெப்டினன்ட் ஏ உனக்காகப் பணம் கட்டியிருக்கிறார், திருப்பிக் கொடுத்துவிடு’ என்றார். தொகை, அன்றைய ஆஸ்திரிய நாணயத்தில் 3.80 க்ரோனன். உடனே உள்ளே ஓர் ஆணை: கொடுக்காதே, கொடுத்தால் அந்த எலிச் சித்திரவதை நடக்கும். அதை முறியடிக்க ஒரு சபதம்: லெப்டினன்ட் ஏ-க்கு 3.80 க்ரோனன் நீ கொடுத்தே ஆகவேண்டும். பிரச்சினை என்னவென்றால், ஏ பணமே கட்டவில்லை. அவரே சொல்லிவிட்டார். சரி, சபதத்தை எப்படி நிறைவேற்றுவது? லான்ட்ஸர் ஒரு திட்டம் போட்டார். ஏ, பி என்ற இரண்டு லெப்டினன்ட்களையும் கூட்டிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போக வேண்டியது; அங்கே இருக்கும் பெண்ணிடம் ஏ 3.80 கொடுப்பார், அவள் அதை பி-யிடம் கொடுப்பாள், அப்புறம் சபதப்படி இவர் ஏ-க்கு 3.80 கொடுப்பார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அவருக்கு வந்தது வியர்வை. வியன்னா போகும் ரயிலில் ஏறியும், வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று தவித்துக்கொண்டே வந்தார்.

வியன்னாவில் ஒரு நண்பர் அவரை ஆற்றுப்படுத்தி, மறுநாள் காலை கூடவே போய்ப் பணத்தை அனுப்ப வைத்தார். எங்கே அனுப்பினார்கள்? பார்சல் வந்திறங்கிய அஞ்சலகத்துக்கே. ஃப்ராய்டு பிடித்த நூல் முனை இது. பணத்தை உண்மையில் கட்டியது அந்த அஞ்சலகப் பெண்தான், முன்பின் தெரியாத ஓர் அதிகாரியை நம்பி. இந்த விஷயம் லான்ட்ஸருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். வேறொரு கேப்டன் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தும், தெரியாததுபோலவே இத்தனை ஆட்டமும் ஆடியிருக்கிறார்.

பேராசிரியரும் அந்தப் பெண்ணும்

இந்த நோயாளி தன் நிலைக்குத் தானே ஒரு பெயர் வைத்திருந்தார்: எண்ணங்களின் ‘சர்வ வல்லமை’. அதாவது, மனசில் நினைத்தாலே போதும், வெளியே நடந்துவிடும். இன்று உளப்பகுப்பாய்வில் புழங்கும் இந்தச் சொல் ஃப்ராய்டு யோசித்து வைத்ததில்லை, லான்ட்ஸரிடமிருந்து எடுத்துக்கொண்டது. உங்களுக்கு அப்படியொரு சக்தி இருப்பதாக எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, இரண்டு சாட்சியங்களை எடுத்து வைத்தார்.

முதலாவது, ஒரு நீர்சிகிச்சை நிலையத்தில் நடந்தது. முதல் முறை தங்கியபோது நன்றாக இருந்தது என்று இரண்டாம் முறை போனார். நன்றாக இருந்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை, அடுத்த அறையில் இருந்த ஒரு பெண். அதே அறையைக் கேட்டார். ஒரு வயதான பேராசிரியர் எடுத்துவிட்டார் என்றார்கள். ‘அதுக்காகவே அந்த ஆளுக்கு பக்கவாதம் வரட்டும்!’ என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினார். இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு, பிணம் ஒன்றின் நினைப்பு தூக்கத்தைக் கலைத்தது. காலையில் கேட்டால், பேராசிரியருக்கு உண்மையிலேயே பக்கவாதம் வந்திருக்கிறது. இவர் விழித்த நேரத்தை ஒட்டித்தான் அவரை அறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இரண்டாவது, இளமை கடந்த, அன்புக்கு ஏங்கிய ஒரு பெண். மணமாகாதவர். என்னை நேசிக்க முடியுமா என்று ஒருநாள் இவரிடம் நேராகவே கேட்டார். இவர் மழுப்பினார். சில நாட்களில் அந்தப் பெண் ஜன்னலிலிருந்து குதித்து இறந்தார். என் அன்பைக் கொடுத்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்பது லான்ட்ஸரின் முடிவு. பேராசிரியரைச் சாய்த்தது வெறுப்பு, இந்தப் பெண்ணைக் கைவிட்டது அன்பு; இரண்டுமே சர்வ வல்லமை படைத்தவை.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கருநாக்கு. ‘உன் நாக்கு பலிக்கும், வாய வெச்சுடாதே’ என்று சொல்லி வளர்ப்பார்கள். ஆனால் கருநாக்குக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களில் பலர் அதை உள்ளூர ரசிப்பதைப் பார்த்திருக்கிறேன். லான்ட்ஸர் ரசிக்கவில்லை. அவர் நடுங்கினார். மற்றபடி அவர் படித்த மனிதர், வெள்ளிக்கிழமை ஆகாது, பதின்மூன்று ஆகாது போன்ற சாதாரண மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. தன் சகுனங்களைப் பார்த்துத் தானே சிரிப்பார். சிரித்துக்கொண்டே நம்புவார். ஃப்ராய்டோடு உட்கார்ந்து நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோது, தான் ‘முன்னுணர்ந்த’ பலவற்றை ஏற்கெனவே ஓரக்கண்ணால் பார்த்து மறந்திருந்ததையும், பலிக்காமல் போன முன்னறிவிப்புகள் ஏராளம் என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அப்படியும் பேராசிரியர் கணக்கு அவர் மனசில் தீரவில்லை.

வல்லமையின் முகம் பயம்

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஃப்ராய்டின் பதில் சுருக்கமானது: குழந்தைப் பருவத்துப் பழைய பெருமிதத்தின் மிச்சம். இது வெறும் உருவகமா என்றால் இல்லை. லான்ட்ஸரின் பால்யத்தைச் சற்றுப் பின்தொடர்ந்தால் சங்கிலி தெரிகிறது. ஆறு வயது வாக்கில், தன் எண்ணங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரிந்துவிடுகின்றன என்று நம்பினான். நான் என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் கேட்பதில்லை என்று விளக்கம் வேறு. பெண் பிள்ளைகளை ஆடையில்லாமல் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழும். உடனே, இப்படி நினைத்தால் ஏதோ நடந்துவிடும், அப்பா இறந்துவிடலாம் என்ற திகில் தொடரும். பன்னிரண்டு வயதில் ஒரு சிறுமியின் மேல் பிரியம். எனக்கு ஏதாவது துக்கம் வந்தால் இவள் இரக்கப்படுவாளே என்று நினைத்தான். அப்பாவின் சாவு குறுக்கே வந்து நின்றது. நினைத்த மாத்திரத்தில் அதைத் தள்ளிவிட்டான். தள்ளியது தள்ளியபடி போகாது என்பதற்குத்தான் இந்த ஆளே சாட்சி.

எல்லாக் குழந்தையும் இந்த வழியாகத்தான் வருகிறது. புடாபெஸ்ட் மருத்துவர் ஷாண்டோர் ஃபெரன்ஸி 1913இல் இதைப் படிப்படியாக எழுதிக் காட்டினார். கருவில் எதையும் கேட்க வேண்டியதே இல்லை. பிறந்தபின் பசி எடுத்ததும் பால் வருகிறது. தன் விருப்பமே பாலை வரவழைத்தது என்பதுதான் குழந்தையின் கணக்கு. அடுத்து கையை நீட்டினால் பொருள் வரும், அழுதால் ஆள் வரும். கடைசியில் சொல்லும் எண்ணமும் மந்திரமாகின்றன. ஒவ்வொரு படியிலும் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக மக்கர் செய்யத் தொடங்கும், குழந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிம்மாசனத்தை விட்டு இறங்கும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இறங்கும் விதம்தான். லான்ட்ஸரின் வீட்டில் அந்த நாள் என்ன நடந்தது? சொல்லே ஆயுதமாக இருக்கும் வயதில் குழந்தை அப்பாவின் மேல் சொல்லை எறிந்தது, அந்தச் சொல் வேலை செய்துவிட்டது. தட்டு என்று திட்டியதற்கு அப்பா சிரித்திருந்தாலோ, அடியை நிறுத்திவிட்டு ‘சரி, போய் முகம் கழுவு’ என்று சொல்லியிருந்தாலோ கதை வேறு. அவர் மிரண்டார். அதோடு ஒரு தீர்க்கதரிசனமும் சொன்னார்.

இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் 1960களின் கடைசியில் இதற்குப் பொருத்தமான ஒன்றைச் சொன்னார். குழந்தை தன் ஆத்திரத்தில் எதிரே இருப்பவரை ‘அழிக்கிறது’. அவர் பழிவாங்காமலும் நொறுங்காமலும் அப்படியே இருந்தால்தான், தன் கற்பனைக்கு வெளியே ஒரு நிஜ மனிதர் இருக்கிறார் என்று அதற்குப் புரிகிறது. லான்ட்ஸரின் அப்பா முதலில் அடித்தார், பிறகு மிரண்டார். இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன. வினிகாட்டின் அளவுகோலை இந்தச் சம்பவத்தின் மேல் வைப்பது என் வேலைதான், அவர் வைக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்கப்புறம் தான் கோழையாகிவிட்டதாக லான்ட்ஸர் சொன்னார். யாரைக் கண்டு பயம்? அப்பாவைக் கண்டு என்றுதான் எதிர்பார்ப்போம். தன் ஆத்திரத்தின் பலத்தைக் கண்டே பயம் என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்த அறிக்கைக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். குழந்தைப் பருவத்துச் சர்வ வல்லமை பெரியவரிடம் மிச்சமிருக்கிறது என்றால், மார்தட்டுபவரை, யாரையும் மதிக்காத மேலதிகாரியை, கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டே இருப்பவரைத் தேடுகிறோம். அவர்களும் உண்டுதான். ஆனால் அது அதிகம் ஒளிந்திருப்பது இந்த மாதிரிப் பதறும், பரிகாரம் தேடும், எல்லாப் பழியையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் சாதுக்களிடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘எல்லாம் என்னால்தான்’ என்று அழுபவர் அடக்கமானவர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கினால் வருவது என்ன? எல்லாமே என் கையில் இருந்தது. அப்பா இறந்த இரவில் லான்ட்ஸர் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளப் போயிருந்தார். அதற்குள் உயிர் போய்விட்டது. பக்கத்தில் இல்லாமல் போனோமே என்ற உறுத்தல் ஒன்றரை வருடம் கழித்து, அத்தை ஒருவரின் சாவையொட்டிக் கிளம்பி, நான் ஒரு குற்றவாளி என்ற முழு நம்பிக்கையாக வளர்ந்தது. பெரிய குற்றவாளியாவான் என்று அப்பா முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாரே!

அவருடைய அன்றாடச் சடங்குகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகின்றன. இடி இடிக்கும் நாளில் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நாற்பது, ஐம்பது வரை எண்ணியே ஆகவேண்டும். பிரார்த்தனை செய்தால் ‘கடவுள் காப்பாற்றட்டும்’ என்பதன் நடுவே ஒரு ‘வேண்டாம்’ வந்து ஒட்டிக்கொள்ளும், திரும்ப முதலிலிருந்து. ஒரு காலத்தில் பிரார்த்தனை ஒன்றரை மணி நேரம் நீண்டது. பிறகு எதுவும் நுழைய இடைவெளி விடாமல், முதலெழுத்துகளைக் கோத்த ஒரு குறுமந்திரத்தை வேகமாகச் சொல்லத் தொடங்கினார். காதலி ஊருக்குப் புறப்பட்ட நாளில் வீதியில் ஒரு கல் காலில் இடறியது. அவள் வண்டி இந்த வழியாக வருமே, இடித்துக்கொள்ளுமே என்று எடுத்து ஓரமாகப் போட்டார். சில நிமிடம் நடந்தார். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்ற, திரும்பி வந்து கல்லை எடுத்து மறுபடி நடு வீதியிலேயே வைத்தார். புத்தி தெளிந்தவர் கல்லைப் பேசாமல் ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். திரும்ப வைத்த கையில் கோபம் இருந்தது என்றார் ஃப்ராய்டு. இதில் அவரை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

துக்க வீடுகளுக்குத் தவறாமல் போவார். கூடப் பிறந்தவர்கள் அவருக்குப் ‘பிணப்பறவை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். போதாக்குறைக்குக் கற்பனையிலும் ஆட்களைச் சாகடித்து, அவர்களுடைய உறவினர்களுக்கு உருக்கமாக அனுதாபம் சொல்லிப் பார்ப்பார்.

உங்கள் குற்ற உணர்வு பொய் என்று ஃப்ராய்டு அவரைத் தேற்றவில்லை. உணர்வு நியாயமானது, ஆனால் அது வேறொரு பொருளைச் சேர்ந்தது, அதைத்தான் தேட வேண்டும் என்றார். தன் வெறுப்பு தனக்குள்ளேயே எவ்வளவு வேலை செய்கிறது என்பது லான்ட்ஸருக்குத் தெரியாது. தெரியாத அந்த அளவை வெளியுலகத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். சர்வ வல்லமை பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்கு இணையான விளக்கத்தை நான் அதிகம் படித்ததில்லை.

முடிவும் சில சண்டைகளும்

சிகிச்சை ஏறக்குறைய ஒரு வருடம் நடந்து முழுக் குணம் கிடைத்தது என்பது ஃப்ராய்டின் கூற்று. 1908 ஏப்ரலில் சால்ஸ்பர்க் நகரில் கூடிய உளப்பகுப்பாய்வாளர் மாநாட்டில் இந்த நோயாளியைப் பற்றி அவர் நாலைந்து மணி நேரம் பேசினார். ஆனால் அச்சான அறிக்கைகளின் குறிப்புகளை அழித்துவிடும் வழக்கமுள்ள ஃப்ராய்டு, இந்த ஒரு நோயாளியின் அன்றாடக் குறிப்புகளை மட்டும் விட்டு வைத்துவிட்டார். அவை 1908 ஜனவரியோடு நின்றுபோகின்றன. பாட்ரிக் மஹோனி முதலான ஆய்வாளர்கள் அறிக்கையையும் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, காலக் கணக்கையும் ஃப்ராய்டு பூசிய மெருகையும் கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். அப்பாவை மட்டுமே மையமாக வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடும் அவசரம் அறிக்கையில் எனக்கும் தெரிகிறது.

இன்று லான்ட்ஸர் ஒரு மனநல மருத்துவரிடம் போனால் ஓசிடி என்று எழுதுவார், வேண்டாத எண்ணங்களும் செய்தே தீரவேண்டிய சடங்குகளும் ஆட்டிவைக்கும் நோய். நினைப்பும் செயலும் ஒன்று, கெட்டதை நினைத்தாலே நடந்துவிடும் என்ற இந்தக் குழப்பத்தை அளக்க 1990களில் கேள்வித்தாளே உருவாக்கிவிட்டார்கள். மருந்து கொடுப்பார்கள். எண்ணம் வரட்டும், பரிகாரம் செய்யாமல் இருந்து பாருங்கள் என்று பயிற்சி கொடுப்பார்கள். பலருக்கு அது பலன் தருகிறது. தட்டு, துண்டு, விளக்கு பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே குணமாகலாம் என்பதும் உண்மை.

லான்ட்ஸர் 1910இல் தான் நேசித்த பெண்ணையே மணந்தார், வழக்கறிஞராகத் தொழில் பார்த்தார். போர் வந்தது. 1914 நவம்பரில் ரஷ்யப் போர்முனையில் மாண்டார்.

ஃப்ராய்டு விட்டு வைத்த அந்தக் குறிப்புகளில், அறிக்கைக்குள் அதிகம் இடம்பெறாத அம்மா நிறையவே இருக்கிறார். சிகிச்சைக் கட்டணத்தைக் கேட்டதும், அம்மாவிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று 29 வயது லான்ட்ஸர் எழுந்து போயிருக்கிறார். மறுநாள் வந்து சம்மதம் சொல்லியிருக்கிறார். டிசம்பர் 28ஆம் தேதிக் குறிப்பு, எலியைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ எதுவும் சொல்லாமல், பசியோடு வந்தார், சாப்பாடு போடப்பட்டது என்று ஆரம்பிக்கிறது.